வடக்குச் சன்னல்

"நாளைக்குன்னு சொன்னீங்க. இப்ப வந்து இன்னைக்கேங்கறீங்க. பசைகூட இன்னும் காயலை மேடம்!"

லுலாமா அட்டை வெட்டும் கத்தியை மேசைமேல் எறிந்தாள். அவள் செய்த மாதிரிக் கட்டடம் பாதிக் கூரையோடு நின்றது.

வழிகாட்டி நோமவெதூ வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "வரிசையை மாத்திட்டேன். டீ முடிஞ்சதும் நீதான். இன்னொண்ணு. வெளிநாட்டுத் தேர்வாளர் என்ன சொன்னாலும் வாயைத் திறக்காதே. 'நன்றி ஸார்'னு சொல்லிட்டு உட்காரு."

"தப்பா சொன்னா?"

"தப்பா சொன்னாலும்."

போய்விட்டார்.

லுலாமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு வருஷம் நடைபாதையில் பழைய துணி விற்றவள். அந்தக் காசில் கட்டடக் கலை படித்துப் பட்டம் வாங்கி, அதற்கும் மேலே இந்த ஆனர்ஸ் வருஷத்துக்கு வந்து நிற்கிறாள். இதில் அறுபது மார்க் வந்தால்தான் முதுகலையில் இடம். முதுகலை முடித்தால்தான் ஆர்க்கிடெக்ட் என்று பலகை மாட்டலாம். அறுபதுக்குக் கீழே போனால் மறுபடி நடைபாதை.

காலையில் போய் வந்த மூன்று பேரும் தாழ்வாரத்தில் ரூய்போஸ் என்கிற சிவப்பு மூலிகை டீயைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னடா ஆச்சு?"

"அந்த வெளிநாட்டுக்காரர் கட்டடத்தையே திருப்பி வைக்கச் சொல்லிட்டார். மூணு பேருக்கும் அதே கதைதான். அம்பதுகூடத் தேறாது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நன்றி ஸார்னோம்."

"நல்லா சொன்னீங்க போங்க!"

கூடத்தில் துறைத் தலைவர் ஃபெர்மாக், பக்கத்தில் ஸ்காட்லாந்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் கில்லஸ்பி, கடைசி நாற்காலியில் நோமவெதூ. லுலாமா மாதிரியை வைத்துவிட்டு நிமிர்வதற்குள், "ஐயோ, கண்ணு கூசுதா ஸார்?" என்று ஃபெர்மாக் ஓடிப்போய் எதிர்ச் சன்னலின் திரையை இழுத்து மூடினார்.

லுலாமா ஆரம்பித்தாள். "இது எங்க குடியிருப்புக்கு ஒரு கிளினிக். தாய்மாருங்க கைக்குழந்தையைத் தூக்கிட்டு, விடியறதுக்கு முன்னாடியே வந்து வரிசையில நிப்பாங்க. ஜூன் மாசம்தானே இங்கே குளிர்காலம், வெறைச்சுப் போவாங்க. அதனால காத்திருக்கிற கூடத்தை வடக்குப் பார்த்து வெச்சு, சுவர் முழுக்கச் சன்னல் போட்டிருக்கேன்."

கில்லஸ்பி பென்சிலால் வரைபடத்தைத் தட்டினார்.

"வடக்கா? அந்தப் பக்கம் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. குழந்தைங்க இன்னும் வெறைச்சுப் போகும். சன்னலைத் தெற்கே மாத்து. இன்னைக்கு இதை நாலாவது தடவையா சொல்றேன். இந்த அடிப்படைகூட இங்கே சொல்லித் தர்றதில்லையா?"

ஃபெர்மாக் தலையை ஆட்டினார். நோமவெதூ குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

'நன்றி ஸார்' தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குமேல் வர மறுத்தது. சந்தையில் பேரம் பேசி வளர்ந்த நாக்கு.

"ஸார், உங்க ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே, அங்கே சூரியன் தெற்குப் பக்கமா போகும். எங்க ஊர் ரேகைக்குத் தெற்கே, இங்கே வடக்குப் பக்கமா போகும். நாம இப்ப இருக்கறது எங்க ஊர்ல."

"லுலாமா!" ஃபெர்மாக் எழுந்தேவிட்டார். "விருந்தாளிகிட்டப் பேசற பேச்சா இது? மன்னிப்புக் கேளு!"

"எதுக்கு? சூரியன் போற பாதைக்கா?"

நேரே சன்னலுக்குப் போனாள். ஃபெர்மாக் மூடிய திரையை ஒரே இழுப்பில் திறந்தாள். வெயில் கில்லஸ்பியின் முகத்தில் அறைந்தது. கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"இதுதான் ஸார் வடக்கு."

கில்லஸ்பி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு ஃபெர்மாக் பக்கம் திரும்பினார்.

"நான் நேத்துதான் வந்து இறங்கினேன். புத்தி இன்னும் வந்து சேரலை போலிருக்கு. தப்பு என்னுது. நீங்க பொறந்ததே இங்கேதானே? நாலு தடவையும் எதுக்குத் தலையாட்டினீங்க?"

ஃபெர்மாக் உட்கார்ந்தார்.

"காலையில வந்த மூணு பேரையும் கூப்பிடுங்க. அவங்க மார்க்கை அடிச்சிட்டு மறுபடி போடணும். பொண்ணே, உனக்கு எழுபத்து நாலு. கூரையை முடிச்சிருந்தா இன்னும் போட்டிருப்பேன்."

லுலாமா தாழ்வாரத்துக்கு வந்து சுவரில் சாய்ந்தாள். எழுபத்து நாலு! பின்னாலேயே நோமவெதூ வந்தார். அவரைப் பார்த்ததும் சந்தோஷமெல்லாம் கோபமாக மாறியது.

"உங்களுக்குத் தெரியாதா மேடம், சூரியன் எந்தப் பக்கம்னு?"

"முதல் பையன் நிக்கும்போதே அவர் தப்பா சொல்றார்னு தெரியும்."

"அப்புறம் ஏன் வாயை மூடிட்டு உட்கார்ந்திருந்தீங்க?"

"எனக்கு வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. கையெழுத்துப் போடறது ஃபெர்மாக். வீட்டுல ரெண்டு பிள்ளைங்க."

"நீங்க பயப்படுங்க, வேணாங்கலை. அரைக் கூரையோட என்னை எதுக்கு இன்னைக்கே இழுத்து விட்டீங்க?"

நோமவெதூ இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இன்னைக்கு வந்தவங்க மார்க்கை இன்னைக்கு அஞ்சு மணிக்கே பூட்டிடுவாங்க. அதுக்குள்ள யாராவது பேசலேன்னா அந்த மூணு பேர் கதையும் முடிஞ்சுது."

லுலாமா சுவரை விட்டு நிமிர்ந்தாள்.

"அப்ப என்னை எதுக்கு வாயைத் திறக்காதேன்னு சொன்னீங்க?"

"அப்படிச் சொன்னா நீ என்ன செய்வேன்னு எனக்குத் தெரியாதா?"