‘ஸாரி’ வந்த கதை

மனைவி செல்போனைக் காய்கறித் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டாள்.

“ஏங்க, இந்த ‘ஸாரி’ங்கிற வார்த்தை எங்கேருந்து வந்துச்சு?”

அச்சகத்தில் பிழை திருத்தும் கணவருக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

“ஸாரிக்கும் மன்னிப்புக்கும் முதல்ல சம்பந்தமே கிடையாது. பழைய இங்கிலீஷ்ல வலியைக் குறிக்கிற சொல்லிலிருந்து பிறந்தது. ஸாரின்னா, ‘எனக்கு வலிக்குது’ன்னு அர்த்தம்.”

“ஓஹோ! எப்படிச் சொல்லணும்?”

“ஸாரி. ‘ரி’யை இழுக்கக் கூடாது.”

“கேக்கலை. கொஞ்சம் சத்தமா?”

“ஸாரி! போதுமா?”

போதும். மனைவி போனை நிமிர்த்தினாள். லைனில் அவளுடைய அண்ணன் இருந்தார். அவர் புதுக் கடை திறந்த அன்று, பெயர்ப்பலகையில் இருந்த இங்கிலீஷ் தப்பை எல்லாரும் கேட்கப் படித்துச் சிரித்தவர் இந்தக் கணவர். கணவர் தன் வாயால் மன்னிப்புக் கேட்கும்வரை தங்கை வீட்டு வாசற்படி மிதிப்பதில்லை என்று அண்ணன் ஒரு வருஷமாக முறுக்கிக்கொண்டிருந்தார்.

“கேட்டியாண்ணே?”

“கேட்டேன், கேட்டேன். மாப்ளைக்கு வலிக்குதாமே, பாவம்! ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்னு சொல்லு.”

போனை வைத்ததும் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். “எப்படி மாட்டிவிட்டேன், பாத்தீங்களா?”

கணவர் பேப்பரை விரித்தார்.

“நீ போனைக் கவுத்து வைக்கும்போதே உங்கண்ணன் இருமினது கேட்டுச்சு. இல்லேன்னா, கல்யாணமானதிலிருந்து உன்கிட்டயே சொல்லாத வார்த்தையை இன்னிக்கு இவ்வளவு சத்தமா சொல்லுவேனா?”