ஞாயிற்றுக்கிழமைக் கட்சிக்காரி

"சொத்தை எழுதி வாங்கத்தானே வந்திருக்கே? உண்மையைச் சொல்லு."

வக்கீலம்மா போட்ட போட்டில் எதிரே உட்கார்ந்திருந்த பெண் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல், வெள்ளைக் கழுத்துப்பட்டை சகிதம் உட்கார்ந்திருந்தார் வக்கீலம்மா. எத்தனையோ சாட்சிகளுக்குக் கூண்டில் தண்ணி காட்டியவர். இவள் எம்மாத்திரம்!

"ஐயோ, இல்ல மேடம். அம்மாவுக்கு மறதி. அடுப்பைப் பத்த வச்சுட்டு மறந்துடறாங்க. போன வாரம் எங்க தெருவுலயே வழி தெரியாம நின்னாங்க."

"அதுக்கு?"

"ஆஸ்பத்திரியில சேர்க்கணும்னாக்கூட என் கையெழுத்து செல்லாதுங்கறாங்க. அவங்க சார்பா நான் எல்லாத்தையும் பார்த்துக்க, அவங்கதான் அதிகாரம் எழுதிக் கொடுக்கணுமாம்."

பத்திரத்தை நீட்டினாள். போன தடவை எழுதிய பத்திரம் நாலு துண்டாகப் பறந்தது ஞாபகம் வந்து, அதன் ஓரத்தைச் சட்டென்று விடாமல் பிடித்துக்கொண்டாள்.

வக்கீலம்மா மேஜையைத் தடவினார். "கண்ணாடியை எங்கே வச்சேன்?"

அவள் எழுந்துபோய் இடப்பக்க இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள்.

வக்கீலம்மா ஒரு வரி விடாமல் படித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கு. ஆனா உங்கம்மா தெளிவா இருக்கறப்ப, புரிஞ்சு கையெழுத்துப் போடணும். டாக்டர் பக்கத்துல இருந்து பார்க்கணும். இல்லேன்னா இது வெத்துக் காகிதம்."

"டாக்டர் வந்து காத்துட்டிருக்கார் மேடம். அம்மாவுக்குத்தான் அந்தத் தெளிவு வர மாட்டேங்குது. இனிமே வராமலே போயிடுமோன்னு பயமா இருக்கு." அடக்க முடியாமல் அழுதுவிட்டாள்.

வக்கீலம்மாவின் குரல் இறங்கியது. "அட, அழாதே. உங்கம்மாகிட்ட நானே பேசறேன். நம்பரைச் சொல்லு."

சொன்னால் என்ன ரகளை ஆகுமோ? சொல்லாவிட்டால் இந்த ஞாயிறும் போச்சு. கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னாள்.

வக்கீலம்மா மேஜைத் தொலைபேசியில் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.

கேஸ் கட்டுகளுக்கு அடியில் கிடந்த அவருடைய செல்போன் அலறியது.

"இரு, யாரோ கூப்பிடறாங்க" என்று எடுத்தார். திரையில் 'வீடு' என்றிருந்தது. செல்போனைப் பார்த்தார். இன்னொரு கையில் இருந்த ரிசீவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அவள் பத்திரத்தின் பக்கம் கையை நீட்டினாள். இதோ, பத்திரம் கிழியப் போகிறது.

வக்கீலம்மா ரிசீவரை மெதுவாக வைத்தார். பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"ஓடுடி கண்ணு, நான் திரும்ப மறக்கறதுக்குள்ள டாக்டரைக் கூட்டிட்டு வா."