அத்தர் பூசாதவள்

அத்தர் குப்பியை நீட்டியதும் அந்தப் பெண் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

ராயாவுக்கு முகம் சுண்டிப்போனது. பேரீச்சம்பழம் கொடுத்தபோது வாங்கிக்கொண்டாள், கஹ்வா காப்பி ஊற்றியபோது குடித்தாள். அத்தரை மட்டும் வேண்டாம் என்றால் என்ன மரியாதை?

"கோவிச்சுக்காதீங்க பெரியம்மா. நான் இத்தாவுல இருக்கேன்."

கஸபிலிருந்து ஷினாஸ் போகும் கப்பல் கிளம்பி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பெண்கள் பக்கத்தில் எல்லாத் தலைகளும் திரும்பின. புருஷனைப் பறிகொடுத்தவள் நாலு மாதம் பத்து நாள் இத்தா காத்து வீட்டோடு இருக்க வேண்டும். மருதாணி கூடாது, வாசனை கூடாது. இவளோ வாசனையை மட்டும் ஒதுக்கிவிட்டுக் கடல் தாண்டிப் புறப்பட்டுவிட்டாள்.

"எத்தனை நாளாச்சு?" என்றாள் ராயா.

"பாதிகூட ஆகலை."

"அதுக்குள்ள என்ன அவசரம்?"

"ஷினாஸுல ஒரு வேலை."

"ஏன், வீட்டுல ஆம்பளைங்க இல்லையா?"

"அண்ணன் கூட வந்திருக்கார். அவர் சொன்னா செல்லாதாம். நானே வரணுமாம்."

ராயா விடவில்லை. தன் நாத்தனார் இத்தாவில் இருந்தபோது பல்வலி வந்து முகம் வீங்கியும் வாசல் தாண்டாததை விலாவாரியாகச் சொன்னாள். பிறகு பின்வரிசைப் பெண்ணிடம் திரும்பி, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"புருஷன் குழியில மண்ணு காயலை. அதுக்குள்ள ஊர் சுத்தக் கிளம்பிடறாங்க."

பின்வரிசைக்காரி காலம் கெட்டுப்போச்சு என்று தலையாட்டினாள். அந்தப் பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடலைப் பார்த்தாள். அவள் நகங்களின் நுனியில் பழைய மருதாணி மிச்சமிருந்தது. புருஷன் இருந்தபோது வைத்ததாக இருக்கும்.

ராயாவை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது, பாவம். ஒன்றரை மாதமாக அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. மகன் ஷினாஸில் காவலில் இருக்கிறான். துறைமுக ரோட்டைக் கடந்த ஒரு மீனவனை வண்டியால் அடித்துவிட்டான். ஆள் அங்கேயே முடிந்துபோனான். நாளைக்கு வழக்கு. செத்தவன் வீட்டார் நேரில் வந்து மன்னித்தோம் என்று சொன்னால் மகன் வீடு திரும்புவான். இல்லாவிட்டால் வருஷக்கணக்கில் உள்ளேதான்.

மனசு தாங்காமல் இத்தனையையும் அந்தப் பெண்ணிடமே கொட்டினாள். எந்த ஊர்க்காரி என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"மன்னிப்பாங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்லைம்மா. செத்தவன் ஊரு லீமா. லீமாக்காரங்க கல்நெஞ்சுக்காரங்க. அந்த ஆளும் ரோட்டைப் பார்த்துக் கடந்திருக்கணும். புது வலை வாங்கின குஷியில எங்கயோ பராக்குப் பார்த்துக்கிட்டு நடந்திருக்கான். எம்புள்ள என்ன பண்ணுவான்?"

அந்தப் பெண் முதல் தடவையாகத் திரும்பினாள்.

"உங்க புள்ள பேரு?"

"ஹுமைத்."

அவள் மடியிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"துக்கம் கேட்கப் போனீங்களா பெரியம்மா?"

"என் வீட்டுக்காரர் போயிட்டு வந்தார். லீமாவுக்குப் படகு ஏறிப் போகணும். எனக்கு முழங்கால் வலி."

முழங்காலுக்கு ஒன்றுமில்லை. அந்த வீட்டுப் பெண்களின் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயம், அவ்வளவுதான்.

அந்தப் பெண் மறுபடி கடலின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஷினாஸ் கரை தெரிந்தபோது, ஆண்கள் பக்கத்திலிருந்து ராயாவின் கணவர் ஜுமா வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. நேராக அந்தப் பெண்ணின் முன்னால் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"என்னங்க?" என்றாள் ராயா.

"இவங்கதான் மர்ஹூனோட பொஞ்சாதி" என்றார். "இவங்க அண்ணனை துக்க வீட்டுல பார்த்திருக்கேன். இப்பதான் கப்பல்ல கண்ணுல பட்டார்."

மகனின் வண்டியில் அடிபட்டவன் பெயர் மர்ஹூன்.

ராயா எழுந்திருக்கப் பார்த்தாள். முழங்கால் இப்போது நிஜமாகவே மடங்கியது. மண்ணு காயலை என்றது, கல்நெஞ்சு என்றது, பராக்குப் பார்த்தான் என்றது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. இவ்வளவையும் கேட்டவள் நாளைக்கு நீதிபதி முன்னால் என்ன சொல்லுவாள்? தன் பிள்ளையைத் தானே உள்ளே தள்ளிவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ராயாவின் மடியிலிருந்து நழுவப்போன அத்தர் குப்பியைப் பிடித்து அவள் கையிலேயே கொடுத்தாள்.

"இத்தா முடிஞ்சதும் வந்து மன்னிச்சேன்னு சொல்றேன்னுதான் நானும் சொன்னேன் பெரியம்மா. அதுவரைக்கும் உங்க புள்ள உள்ளேயே கிடக்கணும்னு கோர்ட்டுல சொன்னாங்க. அதான் வாசல் தாண்டிட்டேன்."