பருப்பு வேகும்வரை

நஷ்டம் எவ்வளவு என்று சமரச மன்றத்தின் கணிப்பொறி கேட்டபோது வேலாத்தாளுக்குத் தொகை சொல்லத் தெரியவில்லை. "எங்க கெணத்துத் தண்ணில பருப்பு வேகறதில்லீங்க" என்றாள். எதிரே உட்கார்ந்திருந்த சாயப்பட்டறை முதலாளி வாய்விட்டுச் சிரித்தார்.

கணிப்பொறி சிரிக்கவில்லை. முதலாளி வீட்டுக் குழாயில் வேலாத்தாளின் கிணற்றுத் தண்ணீர், அவள் வீட்டில் அவருடைய நல்ல தண்ணீர். பருப்பு வேகும்வரை இதுவே தண்டனை என்று தீர்ப்பு எழுதிவிட்டது.

எத்தனையோ அபராதத்துக்கு அசையாத பட்டறை அந்த வாரமே சாயக்கழிவு விடுவதை நிறுத்தியது. கிணறு தெளியத்தான் மூன்று மழைக்காலம் பிடித்தது.

இன்று காலை முதலாளியின் மனைவி சுகந்தி தூக்குப்போசியோடு வாசலில் வந்து நின்றாள். "ஒரே கொதில வெந்துருச்சுங்க்கா."

வேலாத்தாள் போசியின் மூடியைத் திறந்து ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கினாள். வெண்ணெயாய் மசிந்தது. கண் நிறைய, மன்றம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"நாளைக்குக் கொழாயப் பழையபடி மாத்திருவாங்களாம்" என்று தயங்கினாள் சுகந்தி. "அப்பறமும் உங்க கெணத்துல தெனம் ஒரு கொடம் எடுத்துக்கட்டுங்களா? எங்கூட்டுத் தண்ணில எப்பவும் இப்படி வெந்ததில்லீங்க."

"தாராளமா எடுத்துக்க கண்ணு" என்றாள் வேலாத்தாள். "சேந்தறதுக்கு மட்டும் உங்கூட்டுக்காரர வரச் சொல்லு."