துணைக்கு வந்தவள்

எச்.ஐ.வி. பரிசோதனைக்கு இரண்டு முறை போய், ரத்தம் கொடுக்காமலே திரும்பிவிட்டாள் பவளக்கொடி. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவன் வரிசைக்கே கேட்கும்படி, “என்ன தொழில் பண்றே?” என்று சிரித்தான். மூன்றாம் முறை, அவளோடு தொழிலுக்குப் போகும் ஏசுமேரி துணைக்கு வந்தாள்.

“நானும் குடுக்கறேன்டி. ரெண்டு பேரையும் பாத்துச் சிரிக்கட்டும்.”

சாயங்காலம் முடிவு சொல்லத் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். தனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் பவளக்கொடி வாசலுக்கு ஓடிவந்து காத்திருந்தாள். ஏசுமேரி வர வெகுநேரமானது. வந்ததும் அவள்தான் முதலில் கேட்டாள்.

“உனக்கு?”

“எனக்கு இல்லக்கா.”

“நல்லதாப் போச்சு. எனக்கு இருக்காம். ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடணுமாம்.”

பவளக்கொடி அழுதாள். “நான் உன்னைக் கூப்பிட்டிருக்கவே கூடாது.”

“கூப்பிடலேன்னா தெரியாமயே போய்ச் சேந்திருப்பேன்டி” என்ற ஏசுமேரி, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.