முதுகில் என்ன, வெல்லமா?

திறந்திருந்த வெல்ல டப்பாவின் விளிம்பில் எறும்பு வரிசை சுற்றிச் சுற்றி நடந்தது. வாசனை மூக்கைத் துளைத்தது, வயிறுதான் காலி.

“பராக்குப் பார்க்காதடி செவ்வந்தி! கண்ணு முன்னாடி போறவ முதுகுல இருக்கணும்,” என்று முன்னால் போன தலைவி அதட்டினாள்.

“முதுகுல என்ன, வெல்லமா ஒட்டியிருக்கு?”

“வாயைப் பாரு! இன்னிக்குப் பட்டினின்னா அது உன்னாலதான்.”

செவ்வந்திக்குச் சுருக்கென்றது. தலைவியே இப்போது வரிசையின் கடைசி எறும்பைப் பார்த்துத்தானே நடக்கிறாள்! சொன்னால் கேட்பாளா? வழக்கம்போல அக்கம்பக்கம் பார்த்தாள். டப்பாவுக்குள்ளே மலை மலையாய் வெல்லம்! குதித்துவிட்டாள்.

அவள் முதுகையே பார்த்து வந்தவளும் குதித்தாள். அப்படியே ஒவ்வொருத்தியாகப் பொத்துப் பொத்தென்று எல்லாரும் விழுந்தார்கள்.

கடைசியாக விழுந்த தலைவி வாய் நிறைய வெல்லத்தோடு சொன்னாள்: “பார்த்தியாடி, கவனமா நடந்தா என்ன கிடைக்குதுன்னு!”

செவ்வந்தி காதில் அது விழவே இல்லை. அவள் அலமாரியின் மேல்தட்டிலிருந்த நெய் ஜாடியைப் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.