நேராக நின்ற வௌவால்

மருத மரத்தில் பகலெல்லாம் தலைகீழாகத் தொங்கித் தூங்கும் பழந்தின்னி வௌவாலைக் கண்டாலே காகத்துக்கு ஆகாது.

“கால் மேலே, தலை கீழே! ஊரே சிரிக்குது. ஒரு தடவையாவது நேரா நில்லேன்டா” என்று தினமும் அதை எழுப்பும்.

“வேண்டாம் அண்ணே. நாங்க நேரா நிக்கிறது ஒரே ஒரு வேலைக்குத்தான்.”

“அதையும்தான் பார்ப்போமே!” காகம் கீழ்க்கிளையில் வந்து உட்கார்ந்து அண்ணாந்தது.

வௌவால் இறக்கையிலிருக்கும் கட்டைவிரல் நகங்களால் கிளையைப் பிடித்து, கால்களைக் கீழே விட்டு, ஒழுங்காக நிமிர்ந்தது.

“அப்படிப் போடு!” என்று காகம் வாயைத் திறந்தது. ராத்திரி குடித்த அத்திப்பழச் சாறெல்லாம் மூத்திரமாக அதன் தலையில் இறங்கியது.

மறுநாள் வௌவாலுக்குப் புத்தி சொல்ல ஒரு மைனா வந்தது.

“கீழ்க்கிளையில உட்கார்ந்து சொல்லு தம்பி” என்றது காகம். “அங்கேயிருந்து சொன்னாத்தான் கேப்பான்.”